கொலைகாரர்களைக் கூண்டில் ஏற்றியவர்

1945-ல் ஹிட்லர் ஆட்சி ஒழிந்தது. போர் முடிந்தது. ஆனால் லட்சக்கணக்கான அப்பாவிகளைக் கொன்றவர்கள் எங்கே போனார்கள்?

பலர் ஜெர்மனியிலேயே இருந்தார்கள். ஆஷ்விட்ஸ் முகாமின் மருந்தாளர், சொந்தமாக மருந்துக் கடை நடத்தினார். அங்கே கைதிகளை அடித்துக் கொன்ற ஒருவர், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனித்து வந்தார்! கேட்பார் இல்லை.

கேட்க ஒருவர் வந்தார். அவர்தான் பிரிட்ஸ் பாயர்.

நாட்டை விட்டு ஓட்டம்

1903-ம் ஆண்டு ஸ்டட்கார்ட் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் பாயர். முப்பது வயது ஆகும் முன்பே நீதிபதி ஆனார். 1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் அவரைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். வேலையும் போயிற்று. 1936-ல் டென்மார்க்குக்குத் தப்பினார். 1943-ல் அங்கும் யூதர்களை வேட்டையாடினார்கள். சுவீடனுக்கு ஓடினார்.

1949-ல் தாய்நாடு திரும்பினார். 1956-ல் ஹெஸ்ஸே மாநிலத்தின் தலைமை சர்க்கார் வக்கீல் ஆனார்.

ஹிட்லரிடம் வேலை பார்த்த பலர் இன்னும் நீதிபதிகளாகவும் அதிகாரிகளாகவும் இருந்தார்கள். கொடியவன் ஐக்மன் அர்ஜென்டினாவில் ஒளிந்திருப்பதாக 1957-ல் பாயருக்குத் துப்புக் கிடைத்தது. ஜெர்மன் அதிகாரிகளிடம் சொன்னால் ஆள் தப்பிவிடுவான் என்று அஞ்சி, இஸ்ரேலுக்கு ரகசியமாகத் தெரிவித்தார். 1960-ல் ஐக்மன் பிடிபட்டான்.

கருகிய காகிதங்கள்

1959-ல் கருகிய சில காகிதங்கள் பாயர் கைக்கு வந்தன. ஆஷ்விட்ஸ் கைதிகளைச் சுட்ட காவலர்களின் பெயர்கள் அவற்றில் இருந்தன!

பாயர் உயர்ந்த கோர்ட்டுக்குப் போனார். முகாம் வழக்கு முழுவதையும் பிராங்க்பர்ட் கோர்ட்டே விசாரிக்க உத்தரவு பெற்றார். இளம் வக்கீல்களிடம் வேலையை ஒப்படைத்தார். முகாம் நடந்த விதத்தைக் கோர்ட்டுக்கு விளக்க, சரித்திர ஆசிரியர்களை அழைத்தார். உயிர் தப்பியவர்களைப் பல நாடுகளில் தேடிப் பிடித்தார்கள்.

1963 டிசம்பரில் விசாரணை தொடங்கியது. சுமார் 360 பேர் சாட்சி சொன்னார்கள். அவர்களில் 211 பேர் ஆஷ்விட்சிலிருந்து உயிரோடு மீண்டவர்கள். கோர்ட்டின் சார்பில் நீதிபதி ஒருவர் போலந்துக்குப் போய் முகாமையே நேரில் பார்வையிட்டார்.

தீர்ப்பு

வழக்கு நடந்தது பழைய கொலைச் சட்டப்படிதான். யார் எந்தக் கொலையில் பங்கு கொண்டார் என்று ஒவ்வொருவர் மீதும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும். முகாமே ஒரு கொலைக்கூடம், அங்கு வேலை பார்த்த எல்லோருக்கும் கொலையில் பங்கு உண்டு என்பது பாயரின் வாதம். கோர்ட்டு அதை ஏற்கவில்லை.

1965 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. 20 பேரில் 17 பேர் குற்றவாளிகள். 6 பேருக்கு ஆயுள் தண்டனை. 3 பேர் விடுதலை. பல தண்டனைகள் குறைவு என்று பாயர் மனம் நொந்தார். ஆனால் அந்த விசாரணையால் ஆஷ்விட்ஸ் கொடுமை ஜெர்மனியில் வீட்டுக்கு வீடு தெரிந்தது.

1968-ல், 64-ம் வயதில் பாயர் காலமானார். 2011-ல் மூனிக் கோர்ட்டு, மற்றொரு கொலைமுகாமின் காவலாளியைத் தண்டித்தது. அவன் தன் கையால் கொன்றான் என்று நிரூபிக்கவில்லை. அங்கே காவல் காத்ததே குற்றம் என்றது. பாயரின் வாதம் 46 ஆண்டுகளுக்குப் பிறகு வென்றது!