வீழ்ந்தோரை வாழ்வித்த மேரி வர்கீஸ்

போர்க்களத்தில் காலிழந்த வீரனின் புண் சில திங்களில் ஆறிவிடும். இனி எவ்வாறு எழுந்து நடமாடுவது, எத்தொழில் செய்து பிழைப்பது என்னும் வினாக்களோ எளிதில் ஆறுவதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க வான்படை மருத்துவரான ஹோவர்டு ரஸ்க் இவ்வினாக்களையும் மருத்துவத்தின் கடமையாக ஏற்றார். படுக்கையில் வாளா கிடந்த வீரர்களுக்கு உடற்பயிற்சியும் கல்வியும் அளித்தார். போருக்குப் பின் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவ நிலையமும் கண்டார். அவரிடம் பயின்று, அக்கலையைத் தமிழ் மண்ணில் ஊன்றியவர் மருத்துவர் மேரி வர்கீஸ்.

கேரளத்தின் செராய் என்னும் ஊரில் 1925-ஆம் ஆண்டு பிறந்த மேரி, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். 1954-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அவர் சென்ற ஊர்தி கவிழ்ந்தது. முதுகுத்தண்டு சிதைந்து, இடுப்பின்கீழ் உணர்வற்றுப் போயிற்று. நோயாளரைத் தாங்கிய கைகள் பிறரை நாட வேண்டியவையாயின.

அந்நிலையில் அவருக்கு வழிகாட்டியவர் மருத்துவர் பால் பிராண்டு. தொழுநோயால் மடங்கிய விரல்களைச் சீராக்கும் அறுவை மருத்துவத்தை அமர்ந்தவாறே செய்ய இயலும் என அவர் உணர்த்தினார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே மேரி அதில் தேர்ந்தார். நடக்க இயலாத ஒருவர் பிறர் கைகளுக்கு இயக்கம் தந்தார்!

தாம் பெற்ற வாழ்வைப் பிறரும் பெற வேண்டுமென விழைந்த அவர், ஆத்திரேலியாவின் பெர்த்து நகரில் பயிற்சி பெற்றார். பின்னர் நியூயார்க்கில் ரஸ்கின் நிலையத்தில் உயர்பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. போர்வீரர்க்கென வளர்ந்த கலை, மரத்திலிருந்து வீழ்ந்த தொழிலாளிக்கும் விபத்தில் முடங்கிய உழவனுக்கும் உரியதாயிற்று. 1972-இல் பத்மஸ்ரீ விருது அவரை அடைந்தது. 1986-இல் அவர் மறைந்தார்.

மருத்துவமனையில் கற்ற நடை, ஊரில் வாசற்படியோடு நின்றுவிடலாகாது. குன்றும் பாறையும் சூழ்ந்த நம் குடுமியான்மலை போன்ற சிற்றூருக்கு முடங்கிய ஒருவர் திரும்பினால், உயர்ந்த திண்ணையும் கிணற்றடியும் அவரைத் தடுக்கும். அங்கே ஒரு சாய்தளம் அமைப்பதும், அவர்க்கேற்ற தொழில் தருவதும் மருத்துவரால் மட்டும் ஆவன அல்ல, ஊரார் கடமையாம். இரக்கம் காட்டுவதினும் இடமளிப்பதே பெரிது. மாணவச் செல்வங்கள் மேரி வர்கீசின் வாழ்விலிருந்து கொள்ளத்தக்க பாடம் இதுவே.