ஆலப்புழா, சாலை பஜார்... ரெண்டுக்கும் பின்னால ஒரே ஆள்! யார் இந்த வில்லுக்குறி கேசவதாஸ்?

ஆலப்புழாவுக்கு படகுவீடு பார்க்கப் போயிருப்பீங்க. திருவனந்தபுரம் சாலை பஜாரில் பாத்திரமோ துணியோ மசாலாவோ வாங்கியிருப்பீங்க. இந்த ரெண்டு இடத்தையும் திட்டமிட்டு உருவாக்கியவர் ஒரே மனிதர். அவர் பிறந்தது இன்றைய தமிழ்நாட்டில், நாகர்கோவில்–தக்கலை ரோட்டில் இருக்கும் வில்லுக்குறி பக்கத்தில் உள்ள குன்னத்தூரில்.

அவர்தான் ராஜா கேசவதாஸ். நகரத் திட்டமிடல்னு ஒரு படிப்பே இல்லாத 18-ம் நூற்றாண்டில் மக்கள் கூடும் இடங்களை எப்படி உருவாக்கினார்? பார்க்கலாம்.

கணக்குப்பிள்ளை டூ திவான்

1745-ல் எளிய குடும்பத்தில் பிறந்தார் கேசவ பிள்ளை. இளம் வயதில் பூவாறில் கப்பல் வணிகம் செய்த போக்கு மூசா மரைக்காயரிடம் கணக்கு எழுதும் வேலை. எந்தச் சரக்கு எங்கிருந்து வருது, எங்கே தேங்குது, யார் கையில் விலை ஏறுது என்பதையெல்லாம் அவர் கற்றுக்கொண்டது அந்தக் கடையில்தான்.

பிறகு திருவிதாங்கூர் அரண்மனை வேலை. தர்மராஜா என்று மக்கள் அழைத்த கார்த்திகைத் திருநாள் ராம வர்மாவின் ஆட்சி அது. படிப்படியாக உயர்ந்து 1789-ல் நிர்வாகத்தின் உச்சிக்கு வந்தார் கேசவ பிள்ளை. தளவாய் என்ற பழைய பதவிப்பெயர் போய், திவான் என்ற பட்டம் அவரோடுதான் வந்தது. ராஜா என்ற பட்டத்தைப் பின்னாளில் தந்தவர் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் மார்னிங்டன்.

அவர் திவானான அதே ஆண்டின் கடைசியில் திப்பு சுல்தானின் படை திருவிதாங்கூர் எல்லைக்கு வந்துவிட்டது. போர்ச்செலவு, கிழக்கிந்திய கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பணம் என்று கஜானாவுக்கு நெருக்கடி. அதனால, கடைத்தெருவும் துறைமுகமும் அவருக்கு அழகு சார்ந்த விஷயமே இல்லை, நாட்டின் வருமானம்.

ஆலப்புழாவில் என்ன செய்தார்?

அப்போ கொச்சி டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. திருவிதாங்கூரின் மிளகு விற்க சொந்தமா ஒரு வாசல் வேணும். அதுக்காக 1762-ல் திறக்கப்பட்டதுதான் ஆலப்புழா துறைமுகம். ஆனா ஒரு சிக்கல். மலையில் விளையும் மிளகும் ஏலமும் வேம்பநாட்டு காயல் வரை படகில் வந்துவிடும். கப்பல் நிற்பதோ கடலில். நடுவில் மணல்மேடு.

அதற்கு கேசவதாஸ் கண்ட தீர்வு, இரண்டு கால்வாய்கள். காயலில் இருந்து கடற்கரைப் பக்கம் வரை, ஒன்றுக்கொன்று இணையாக. கரைகளில் கிடங்குகள், கடைகள். வள்ளத்தில் வரும் மூட்டை கால்வாய்க் கரையிலேயே இறங்கும், எடை போடப்படும், விற்கப்படும். சரக்கு போகும் பாதையே கடைத்தெரு ஆகிவிட்டது.

கட்டிடம் கட்டினா மட்டும் ஊர் உயிர்பெறாது என்பதும் அவருக்குத் தெரியும். பம்பாய், கட்ச், சிந்து பகுதி வணிகர்களை அழைத்துவந்து, தொழில் தொடங்க வசதி செய்து கொடுத்தார். ஆலப்புழாவில் இன்றும் குஜராத்தி தெரு இருக்கு, ஜைனக் கோயில் இருக்கு. வெளியூர்க்காரர் தங்கி, தொழில் செய்து, சாமி கும்பிடவும் இடம் இருக்கும் ஊராக அது வளர்ந்தது. 1859-ல் கயிறுத் தொழிற்சாலை தொடங்க ஜேம்ஸ் டாரா ஆலப்புழாவைத் தேர்ந்தெடுத்ததும் இந்த அடித்தளத்தின் மேல்தான்.

சாலை பஜார் ஏன் அங்கே?

1795-ல் தலைநகரம் பத்மநாபபுரத்தில் இருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. அரண்மனை, கோயில், அதிகாரிகள், படைவீரர்கள்... இத்தனை பேருக்கும் அரிசியும் எண்ணெயும் எங்கிருந்து வரும்?

கேசவதாஸ் சந்தைக்குத் தேர்ந்தெடுத்த இடத்தை மேப்பில் பாருங்க. கோட்டையின் கிழக்கு வாசலில் தொடங்கி கிள்ளியாற்றுப் பக்கம் போகும் நீண்ட தெரு. நாஞ்சில் நாட்டில் இருந்து வரும் வழியும் கரமனை தாண்டி அந்தப் பக்கம்தான் நகரத்துக்குள் நுழையும். ஒரு முனையில் சரக்கு, மறு முனையில் வாங்கும் ஜனம், நடுவில் கடைகள். 200 வருஷம் தாண்டியும் அந்தத் தெருவில் கூட்டம் குறையாததற்கு இதுவே முக்கிய காரணம். தமிழ் பேசும் வியாபாரிகள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்காங்க.

முடிவு மட்டும் கொடுமை

1798-ல் தர்மராஜா இறந்தார். அடுத்து வந்த பலராம வர்மாவுக்கு வயது 16. அரண்மனையில் ஜெயந்தன் நம்பூதிரி கோஷ்டியின் கை ஓங்கியது. கேசவதாஸ் பதவி இழந்தார், வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார், சொத்தும் பறிபோனது. 1799-ல் விஷம் வைத்துக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு அந்தக் கோஷ்டிக்கு எதிராக மக்களைத் திரட்டி எழுந்தவர் இன்னொரு குமரி மாவட்டக்காரர், தலக்குளம் வேலுத்தம்பி.

இன்று நமக்கு என்ன?

1956 நவம்பர் 1-ல் எல்லை மாறியது. அவர் பிறந்த ஊர் தமிழ்நாட்டில், அவர் எழுப்பிய ஊர்கள் கேரளாவில். திருவனந்தபுரத்தில் கேசவதாசபுரம் அவர் பெயரைச் சுமக்கிறது. கொச்சித் துறைமுகம் வளர்ந்ததும் ஆலப்புழா களையிழந்தது, கால்வாய்களில் பாசி படர்ந்தது. அந்தக் கிடங்குகளையும் கால்வாய்களையும் மீட்க இப்போது கேரள அரசு பாரம்பரியத் திட்டம் நடத்துகிறது.

சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலப்படுத்தியபோது கூட்டம் தாராளமா நடக்க முடிந்தது. ஆனா அங்கே கூட்டத்தை நடைபாதை உருவாக்கலை, ஏற்கெனவே இருந்த கடைத்தெருவுக்கு அது மரியாதை செய்தது. அதே 2019-ல் மாநகராட்சி ஆன நாகர்கோவிலுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். கோட்டாறு பஜார், வடசேரி சந்தை, மணிமேடை ஜங்ஷன் எல்லாம் மக்கள் ஏற்கெனவே கூடும் இடங்கள். அங்கே நிழல், உட்கார இடம், பயமில்லாமல் நடக்க வழி, தெருவோர வியாபாரிக்கு ஒரு ஓரம் என்று கொடுத்தாலே பாதி வேலை முடிஞ்சது. அவங்களை அப்புறப்படுத்திட்டு எல்.ஈ.டி. விளக்கும் செல்பி பாயின்ட்டும் வைத்தால், போட்டோ எடுத்த கையோடு ஜனம் கிளம்பிடும்.