தன் கையால் சூடிய முடி

பள்ளி நாட்களில் பேச்சுப் போட்டி என்றால் எனக்கு நெப்போலியன்தான். உழைப்பே உயர்வு, காலத்தின் அருமை, மாணவரும் நாடும் - தலைப்பு எதுவாயினும் எங்கேனும் ஓரிடத்தில் அவனைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவேன். முடியாது என்னும் சொல்லையே தன் அகராதியிலிருந்து நீக்கிய மாவீரன் என்று குரலை உயர்த்துவேன், கைதட்டல் எழும். ஆனால் என் பேச்சு எப்போதும் ஆஸ்டர்லிட்ஸ் போர்க்களத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பின் நடந்தவற்றை ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் கைதட்டல் கிடைக்குமோ என்னவோ! கல்லூரியில் வரலாற்றைப் பாடமாக எடுத்துப் படித்தபோதுதான், நான் விட்டுவிட்ட பகுதியே அவன் வாழ்வின் சாரமான பகுதி என்று புரிந்தது. அந்தப் பழைய கடனை இந்த மலரில் தீர்க்க விரும்புகிறேன்.

1769ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் கார்சிகா தீவின் அஜாக்சியோ நகரில் நெப்போலியன் பிறந்தான். கத்தோலிக்கர்கள் மரியன்னையின் விண்ணேற்பைக் கொண்டாடும் திருநாள் அது. இந்த நாளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதனிடம் மீண்டும் வரவேண்டியிருக்கிறது. அதற்கு முந்திய ஆண்டுதான் ஜெனோவா அத்தீவைப் பிரான்சிடம் ஒப்படைத்திருந்தது. தந்தை கார்லோ வழக்கறிஞர். தாய் லெட்டீசியா, சிக்கனமும் மனவுறுதியும் மிக்க பெண்மணி. பிரியேன் இராணுவப் பள்ளியில் இத்தாலிய வாடை வீசும் அவன் பிரெஞ்சைக் கேட்டு உடன் பயின்ற பிள்ளைகள் எள்ளி நகையாடினர். அவன் கணக்கில் புகுந்துகொண்டான். கணக்கு அவனைக் கைவிடவில்லை. பதினாறாம் வயதிலேயே பீரங்கிப் படையில் அதிகாரியானான்.

பீரங்கிக்காரனுக்குக் கணக்கே தெய்வம். குண்டின் எடை, மருந்தின் அளவு, தூரம், கோணம் ஆகியவை சரியாக இருந்தால் கோட்டை விழுந்தே தீரும். 1793இல் தூலோன் துறைமுகம் ஆங்கிலேயர் வசம் இருந்தபோது, நகரத்தைத் தாக்க வேண்டியதில்லை, துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் ஒரு முனையைப் பிடித்துப் பீரங்கிகளை ஏற்றினால் போதும், கப்பல்கள் தாமே ஓடிவிடும் என்று கணக்குப் போட்டான். அப்படியே நடந்தது. இருபத்து நான்கு வயதில் தளபதி! 1796இல் கிழிந்த உடையும் காய்ந்த வயிறுமாய்க் கிடந்த ஒரு படையை அழைத்துக்கொண்டு இத்தாலிக்குள் புகுந்து ஆஸ்திரியர்களைத் துரத்தினான். 1799 நவம்பரில் பாரிசில் ஆட்சியைப் பிடித்தான். இவையெல்லாம் யாவரும் அறிந்தவை, விரிக்க வேண்டியதில்லை.

அவன் செய்த நன்மைகளை மறைப்பதும் நியாயமன்று. 1804இல் அவன் தந்த சட்டத் தொகுப்பு இன்றும் பல நாட்டுச் சட்டங்களுக்கு வேராக இருக்கிறது. புரட்சியின்போது மூடப்பட்ட ஆலயங்களின் கதவுகள் திறக்கவும் அவனே காரணம். 1801இல் போப்பாண்டவர் ஏழாம் பயசுடன் உடன்படிக்கை செய்து, பிரான்சில் மீண்டும் வழிபாட்டுக்கு வழி செய்தான். ஆனால் அதைப் பக்தியால் செய்தான் என்று என்னால் எழுத முடியவில்லை. மதம் இருந்தால் மக்கள் அடங்கியிருப்பர் என்பதும் அவனுக்கு ஒரு கணக்கு.

1804 டிசம்பர் 2ஆம் நாள் பாரிசின் நோத்ர் தாம் பேராலயத்தில் முடிசூட்டு விழா. உரோமையிலிருந்து போப்பாண்டவரே வரவழைக்கப்பட்டிருந்தார். எண்ணெய் பூசி ஆசி வழங்கும் வரை அவர் பணி நடந்தது. பின்னர் நெப்போலியன் பீடத்தின் மீதிருந்த மகுடத்தைத் தானே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். முழந்தாளிட்டிருந்த ஜோசபினுக்கும் தன் கையாலேயே முடி சூட்டினான். போப்பாண்டவர் கையிலிருந்து மகுடத்தைப் பிடுங்கினான் என்று நானும் மேடையில் முழங்கியதுண்டு. அது தவறு. அவ்வாறே செய்வது என்று முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டிருந்தது. ஆத்திரத்தில் செய்திருந்தால் மன்னித்துவிடலாம். அமைதியாகத் திட்டமிட்டுச் செய்தான் என்பதே என்னை உறுத்துகிறது. எந்த முடியும் தனக்கு மேலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது!

தாய் லெட்டீசியா அந்த விழாவுக்கு வரவில்லை. பிள்ளைகளுக்குள் மூண்ட பூசலால் மனம் நொந்து உரோமையில் இருந்தார். ஆயினும் ஓவியர் தாவீது தீட்டிய புகழ்பெற்ற முடிசூட்டு ஓவியத்தில், நடுவில் ஓர் உயர்ந்த இருக்கையில் அந்தத் தாய் அமர்ந்திருப்பதைக் காணலாம். வராத தாயையும் வந்ததாக வரையச் சொல்லும் அதிகாரம் பேரரசனிடம் இருந்தது. மகன் அள்ளிக் கொடுத்த செல்வத்தை அந்த அம்மையாரோ செலவழிக்காமல் சேர்த்து வைத்தார். இதெல்லாம் எத்தனை நாளைக்கு என்ற கவலை அவருக்கு எப்போதும் இருந்தது.

சரியாக ஓராண்டு கழித்து, 1805 டிசம்பர் 2ஆம் நாள், ஆஸ்டர்லிட்சில் ஆஸ்திரிய, இரஷ்யப் பேரரசர்களின் படைகளை ஒருசேர முறியடித்தான். என் பேச்சு முடிவது இங்கேதான். மேலே தொடர்கிறேன்.

1806இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஆகஸ்டு 15ஆம் நாள் இனிப் புனித நெப்போலியன் திருநாள் என்று ஆணை பிறந்தது. நான் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன நாள் இதுதான்! அன்னையின் திருநாளில் பேரரசனின் பிறந்தநாள் ஏறி அமர்ந்துகொண்டது. அதே ஆண்டில் சிறுவர்களுக்கான மறைக்கல்வி நூல் புதிதாக வந்தது. பேரரசனுக்கு அன்பும் கீழ்ப்படிதலும் வரியும் படைச்சேவையும் செலுத்துவது கடவுளுக்குச் செய்யும் கடமை என்றும், தவறினால் நித்திய தண்டனை என்றும் பிள்ளைகள் ஒப்பிக்க வேண்டியதாயிற்று. போர்க்களத்தில் அவன் செய்தவற்றைக் காட்டிலும் இந்தச் சின்னஞ்சிறு நூலே எனக்கு அச்சம் தருகிறது.

ஆங்கிலேய வணிகத்தை முடக்கத் துறைமுகங்களை அடைக்குமாறு ஐரோப்பா முழுவதற்கும் கட்டளையிட்டவனுக்குப் போப்பாண்டவரின் சிறிய நாடு இடையூறாக நின்றது. பிணக்கு முற்றியது. 1807இல் தன் வளர்ப்பு மகன் யூஜீனுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கேள்வியை ஏளனமாகக் கேட்டிருக்கிறான்: போப்பாண்டவர் தன்னைச் சபையிலிருந்து விலக்கினால் தன் வீரர்களின் கையிலிருந்து ஆயுதங்கள் விழுந்துவிடும் என்று எண்ணுகிறாரா என்பதே அது. 1809 மே மாதம் போப்பாண்டவரின் நாட்டைத் தன் பேரரசோடு இணைத்துக்கொண்டான். ஜூன் 10ஆம் நாள் விலக்கு ஆணை வெளியாயிற்று. ஜூலை 6ஆம் நாள் விடியுமுன் பிரெஞ்சு வீரர்கள் ஏணி வைத்துக் குவிரினால் அரண்மனைச் சுவரேறிக் குதித்து, அறுபத்தாறு வயது முதியவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயினர். அவரிடம் இருந்தவை சில சில்லறைக் காசுகளே. அதே நாளில்தான் வியன்னாவுக்கு அருகே வாக்ராம் களத்தில் நெப்போலியன் ஆஸ்திரியாவை வென்றுகொண்டிருந்தான். கைது செய்யச் சொன்னது தானல்ல என்று பின்னர் சொல்லிக்கொண்டான், ஆனால் விடுவிக்கவுமில்லை.

சவோனா நகரில் காவலில் இருந்த போப்பாண்டவருக்குப் படையேது, கோட்டையேது? பேரரசன் நியமித்த ஆயர்களுக்கு ஒப்புதல் தர மறுத்தார், அவ்வளவுதான். இந்த ஒற்றை மறுப்பைக் கணக்கால் உடைக்க நெப்போலியனால் ஆகவில்லை. 1812 ஜூனில் அவரைச் சாதாரணப் பாதிரியாரின் உடையில், மறைவாக ஆல்ப்ஸ் மலை கடத்திப் பாரிசுக்கு அருகிலுள்ள ஃபோந்தேன்புளோ அரண்மனைக்குக் கொண்டுவந்தனர். வழியில் நோயுற்று மரணத்தின் வாயிலைத் தொட்டுத்தான் அவர் அங்கு வந்து சேர்ந்தார். சில நாட்களுக்குள், ஜூன் 24ஆம் நாள், நெப்போலியனின் பெரும்படை நியமன் ஆற்றைக் கடந்து இரஷ்ய மண்ணில் கால் வைத்தது.

பின்வந்த படைகளையும் சேர்த்தால் 6 இலட்சம் பேர்! அதுவரை ஐரோப்பா கண்டிராத சேனை. எச்சரிக்கை இல்லாமல் போகவில்லை. இரஷ்யாவில் தூதராக இருந்து திரும்பிய கோலன்கூர், அந்நாட்டின் குளிரையும் பரப்பையும் அலெக்சாந்தர் பேரரசனின் உறுதியையும் முந்திய ஆண்டே மணிக்கணக்கில் எடுத்துரைத்தார். நெப்போலியன் கேட்டான், ஏற்கவில்லை. ஆற்றங்கரையை ஆராயச் சென்றபோது முயல் ஒன்று குறுக்கே பாய, குதிரை மிரண்டு அவனைக் கீழே தள்ளியது. உடனிருந்தோர் இதைச் சகுனமாக எண்ணி முகம் வாடினர். எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை இல்லை. கோலன்கூரின் சொல்லைக் கேளாதவன் முயலுக்காகவா திரும்பப் போகிறான்?

பனி அவனைத் தோற்கடித்தது என்று சொல்வது வழக்கம். ஆண்டவன் சபித்துப் பனியை அனுப்பினான் என்று சொல்வோரும் உண்டு. தேர்வுத் தாளில் நான் அப்படி எழுத மாட்டேன், இங்கும் எழுதவில்லை. ஏனெனில் படை கரையத் தொடங்கியது கோடையிலேயே. வெயில், மழை, பசி, வயிற்றுக்கடுப்பு, நச்சுக்காய்ச்சல் ஆகியவற்றால் வழியெங்கும் வீரர்கள் விழுந்தனர். தீவனமின்றிக் குதிரைகள் ஆயிரக்கணக்கில் செத்தன. இரஷ்யர்கள் பின்வாங்கிக்கொண்டே போயினர். செப்டம்பர் 7ஆம் நாள் போரோடினோவில் போர் மூண்டபோது அவனிடம் இருந்தோர் ஏறத்தாழ 1,30,000 பேரே. பனி விழ இன்னும் இரண்டு மாதம் இருந்தது! பனியைக் குறை சொன்ன முதல் ஆள் நெப்போலியன்தான். அவனுக்கு வசதியான காரணம் அது. அவன் கணக்குப் போடத் தெரியாதவன் அல்லன். தன் கணக்கில் வராத எதுவும் உலகில் இல்லை என்று நம்பினான். என் சிற்றறிவுக்குத் தெரிந்தவரை பிழை அங்கேதான் இருந்தது.

செப்டம்பர் 14இல் மாஸ்கோவை அடைந்தான். நகரத்தின் சாவியோடு பெரியவர்கள் வந்து பணிவார்கள் என்று காத்திருந்தான். எவரும் வரவில்லை. அன்றிரவே நகரம் பற்றி எரியத் தொடங்கியது. அலெக்சாந்தரிடமிருந்து சமாதானக் கடிதம் வருமென்று 35 நாட்கள் காத்திருந்தான். அதுவும் வரவில்லை. அந்நாட்களில் கிரெம்ளினின் பெரிய மணிக்கோபுரத்து உச்சியிலிருந்த சிலுவையை இறக்கச் சொன்னான். பாரிசில் இன்வலீது மாளிகையின் குவிமாடத்தில் அதை நிறுத்துவது அவன் எண்ணம். அச்சிலுவை பாரிசை எட்டவே இல்லை.

அக்டோபர் 19இல் ஏறத்தாழ 1 இலட்சம் பேருடன் திரும்பும் பயணம் தொடங்கியது. நவம்பர் முதல் வாரத்தில் பனி கொட்டியது. விறைத்த விரல்களால் துப்பாக்கியைப் பிடிக்க இயலாமல் வீரர்கள் அவற்றை நழுவவிட்டு நடந்தனர். ஐந்தாண்டுக்கு முன் எழுதிய கடிதத்தின் கேள்வியைப் பின்னாளில் பலரும் நினைவுகூர்ந்தது இதனால்தான். பெரெசினா ஆற்றில் தளபதி எப்ளேயின் ஆட்கள் பனிக்கட்டி மிதக்கும் நீரில் மார்பளவு நின்று இரு பாலங்கள் கட்டினர். அவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. எப்ளேயும் அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தார். வரலாற்றில் இவர்களுக்காக யார் கைதட்டியிருக்கிறார்கள்? டிசம்பர் 5ஆம் நாள் நெப்போலியன் எஞ்சிய படையை விட்டுவிட்டுப் பாரிசுக்கு விரைந்தான். அவனுக்கு முன்பே பாரிசில் வெளியான அறிக்கை, படையின் அழிவைச் சொல்லிவிட்டு, பேரரசரின் உடல்நலம் இதைவிடச் சிறப்பாக ஒருபோதும் இருந்ததில்லை என்று முடிந்தது. மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1869இல் வரைந்த ஒரு படத்தில், 4,22,000 பேர் போன வழி அகன்ற பட்டையாகவும், திரும்பிய 10,000 பேரின் வழி மெல்லிய கோடாகவும் காட்டப்பட்டுள்ளன. எங்கள் வகுப்பில் ஆசிரியர் அதை விரித்துக் காட்டிய அன்று ஒருவரும் பேசவில்லை.

1813இல் லைப்சிக்கில் மீண்டும் தோல்வி. 1814 ஜனவரியில் போப்பாண்டவரை விடுவித்து ஊருக்கு அனுப்பினான். பகைவர் பாரிசைப் பிடித்துக்கொள்ள, அந்த ஏப்ரலில் நெப்போலியன் முடி துறந்து கையொப்பமிட்டான். எந்த இடத்தில் தெரியுமா? அதே ஃபோந்தேன்புளோ அரண்மனையில்! சூட்டிக்கொண்ட கையே கழற்றிக் கொடுத்தது. எல்பா, நூறு நாள் ஆட்சி, 1815 ஜூன் 18இல் வாட்டர்லூ ஆகியன பாடநூலில் உள்ளவையே. அவ்வாண்டு அக்டோபரில் அட்லாண்டிக் கடல் நடுவே செயின்ட் ஹெலினா தீவில் இறக்கிவிடப்பட்டான். ஈரம் ஊறும் சுவர்களும் எலிகளும் நிறைந்த லாங்வுட் மாளிகை. ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகள் அங்கே கழிந்தன.

வீழ்ந்தவனின் குடும்பத்துக்கு ஐரோப்பாவில் கதவுகள் அடைபட்டன. லெட்டீசியா அம்மையாருக்கும் பிள்ளைகள் சிலருக்கும் உரோமையில் இடம் கொடுத்தவர் யார்? அதே ஏழாம் பயஸ்தான். அதோடு நிற்கவில்லை. தீவின் வாழ்வு நெப்போலியனின் உடலைக் கெடுக்கிறது என்று கேள்விப்பட்டு, 1817 அக்டோபரில் தம் அமைச்சர் கொன்சால்விக்கு எழுதினார். ஆங்கிலேய அரசிடம் பேசி அச்சிறையின் கடுமையைக் குறைக்கக் கேட்கும்படி பணித்தார். சவோனாவும் ஃபோந்தேன்புளோவும் மனிதப் பேராசையின் மயக்கங்கள் மட்டுமே, ஆலயங்களைத் திறந்த அந்த உடன்படிக்கையே நினைவுகொள்ளத் தக்கது என்பது அக்கடிதத்தின் கருத்து. பயன் ஒன்றும் விளையவில்லை. ஆயினும் நெப்போலியனைப் பற்றிப் படித்தவற்றுள் நான் மீண்டும் மீண்டும் திரும்புவது அவனைச் சிறைவைத்தவர்களிடம் அல்ல, அவன் சிறைவைத்தவரிடம்தான்.

தீவில் குரு ஒருவர் வேண்டுமென்று கேட்டான். தாயின் ஏற்பாட்டில் 1819இல் இரண்டு பாதிரிமார் வந்து சேர்ந்தனர். 1821 ஏப்ரலில் எழுதிய உயிலில், தான் பிறந்த மதத்திலேயே இறப்பதாகக் குறித்தான். அது மனமாற்றமா, பழைய கணக்குகளில் இன்னுமொன்றா என்று சில வரலாற்றாசிரியர்கள் ஐயுறுகின்றனர். பாதிரியார் விஞாலி இறுதிச் சடங்கை நிறைவேற்றினார். மே 5ஆம் நாள் மாலை, ஐம்பத்தோராம் வயதில், நெப்போலியன் கண் மூடினான்.

கல்லறைக் கல்லில் பெயர் பொறிப்பதில் தகராறு எழுந்தது. பேரரசருக்குரிய முறையில் நெப்போலியன் என்ற பெயர் மட்டும் போதும் என்றனர் உடனிருந்த பிரெஞ்சுக்காரர்கள். போனபார்ட் என்பதையும் சேர்த்தே ஆகவேண்டும் என்றார் ஆங்கிலேய ஆளுநர். இரு தரப்பும் இறங்கி வரவில்லை. 1840இல் உடலைத் தோண்டி எடுத்துப் பாரிசுக்குக் கொண்டுபோகும் வரை, பத்தொன்பது ஆண்டுகள், அந்தக் கல் ஓர் எழுத்தும் இல்லாமலே கிடந்தது.