குருதிக்குள் ஒளிந்ததை நிறத்தால் காட்டியவர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்)

சிறுநீரகம் பழுதான என் தந்தையை மாதந்தோறும் பண்ணைப்புரத்திலிருந்து தேனிக்கு அழைத்துச் செல்கிறேன். இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவன் எங்கள் வீட்டில் நான் ஒருவனே. அதில் பாஸ்பரஸ் என்றொரு வரி உண்டு. பழுதுற்ற சிறுநீரகம் பாஸ்பேட்டைப் போதிய அளவு வெளியேற்றாது. அது குருதியில் ஏறி எலும்பையும் இரத்தக் குழாயையும் கெடுக்கும். அந்த வரிக்குப் பின்னே ஒரு மாமனிதரின் உழைப்பு இருப்பதைக் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தேன். அவரே எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை வென்றார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்து பயின்றதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிட்டியது. உடன்பிறந்தார் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்குப் பறிகொடுத்தார்.

பின்னர் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் சேர்ந்தார். பிழைப்புக்காக மருத்துவமனையொன்றில் இரவுப் பணியாளாக வேலை பார்த்தார். 1925இல் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து, குருதியில் பாஸ்பரசை அளக்கும் முறையை வெளியிட்டார். புரதத்தை அமிலத்தால் படியச் செய்து வடிகட்டி, மாலிப்டேட்டும் ஓர் ஒடுக்கும் பொருளும் சேர்த்தால் நீலநிறம் தோன்றும். நீலம் அடர அடர, பாஸ்பேட்டும் மிகுதி என்பது கணக்கு. அம்முறையின் துணையால் 1929இல் உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யையும் இருவரும் தசையில் கண்டறிந்தனர். 1945இல் லெடர்லே ஆய்வகத்தில் அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. தம் உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்ப்ரூவால் வரும் சோகைக்கு அதுவே மருந்தாயிற்று. 1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில் மறைந்தார்.

1957இல் டெக்னிகான் நிறுவனத்தின் தானியங்கிப் பகுப்பாய்வி வந்தது. குழாயில் ஓடும் குருதி மாதிரியில் தோன்றும் நிறத்தை ஒளியால் அளப்பது அதன் தத்துவம். இன்றைய கருவிகளும் பாஸ்பேட்டை மாலிப்டேட்டோடு வினைபுரியச் செய்தே அளக்கின்றன; பல கருவிகள் நீலமாகும் முன்பே புறஊதா ஒளியால் கண்டுவிடுகின்றன. சர்க்கரையை அளக்க ஒரு துளி இரத்தமும் உள்ளங்கையில் அடங்கும் கருவியும் போதும். அதுபோல் மலிவான கருவியொன்று பாஸ்பரசுக்கும் எங்கள் ஊருக்கு வருமாயின், ஒரு வரிக்காக என் தந்தை பேருந்தில் குலுங்கிச் செல்ல வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு இயற்பியல் தாளில் நான் தவறினேன். படிப்பை விட்டு, அம்மாவுடன் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறிவிடலாம் என்றுகூட எண்ணினேன். மூன்றாம் முறை வென்றவரின் வரலாறு என்னைத் தடுத்தது. இவ்வாண்டு அத்தாளை மீண்டும் எழுதுகிறேன். தோல்வியில் துவளும் தோழர்களே, நீங்களும் எழுதுங்கள்!