டி. ஆர். சுந்தரம்

டி. ஆர். சுந்தரம் (திருச்செங்கோடு இராமலிங்கம் சுந்தரம், 1907 - 1963) தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளரும் இயக்குனரும் ஆவார். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்.

வாழ்க்கை

திருச்செங்கோட்டில் பிறந்த சுந்தரம், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றார். நாடு திரும்பியபின் திரைத்துறையில் ஈடுபட்டார். முதல் மலையாளப் பேசும்படமான பாலன் (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான அலிபாபாவும் 40 திருடர்களும் (1956) ஆகியன இவரது தயாரிப்புகள்.

பர்மா ராணி

இரண்டாம் உலகப் போரின்போது கச்சாப் பிலிம் வழங்கலைக் கட்டுப்படுத்திய பிரித்தானிய இந்திய அரசு, போருக்கு ஆதரவான படங்களை எடுக்குமாறு தயாரிப்பாளர்களை வலியுறுத்தியது. சுந்தரம் தயாரித்து இயக்கிய பர்மா ராணி (1945) அவ்வாறு உருவானதே. ஜப்பானியர் பிடியிலிருந்த பர்மாவில் சிக்கிக்கொள்ளும் மூன்று இந்திய விமானப்படை வீரர்களையும், அவர்களுக்கு உதவும் ராணி என்ற பெண்ணையும் பற்றிய கதை இது. ராணியாக கே. எல். வி. வசந்தா நடித்தார். ஜப்பானிய இராணுவ அதிகாரியின் வேடத்தைச் சுந்தரமே ஏற்றார்.

அதே ஆண்டில் வெளிவந்த ஹாலிவுட் படமான அப்ஜெக்டிவ், பர்மா! அமெரிக்க வீரர்களையே முன்னிறுத்தியதால் பிரித்தானியாவில் கண்டனத்துக்கு உள்ளானது. உண்மையில் பர்மாக் களத்தில் போரிட்ட பதினான்காம் இராணுவத்தில் இந்தியரே பெரும்பான்மையினர். ஆகவே இந்திய விமானிகளை நாயகர்களாக்கிய பர்மா ராணி குறிப்பிடத்தக்கது. ஆயினும் அது அரசின் பார்வைக்கு உட்பட்ட படமே. அப்போரில் ஜப்பானியருடன் இணைந்து போரிட்ட இந்திய தேசிய இராணுவத்திலும் மலாயாத் தமிழர் பலர் இருந்தனர்.

மறைவு

சுந்தரம் 1963 இல் காலமானார். அவரது படப்பிடிப்புத் தளம் இன்று இல்லை. சேலம் ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு மட்டும் எஞ்சியுள்ளது.