சிறையைக் கடந்த சிரிப்பு

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-ல் எளிய குடும்பத்தில் பிறந்தவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். வில்லுப்பாட்டிலும் நாடக மேடையிலும் தேர்ந்த அவர், பின்னர் திரைக்கு வந்தார். டி.ஏ.மதுரத்துடன் இணைந்து அவர் வழங்கிய நகைச்சுவை, மூடநம்பிக்கைகளைச் சிரித்தபடியே சாடியது.

புகழின் உச்சியில் இருந்தபோது, 1944 இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதருடன் கைதானார். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற மேல்முறையீட்டுக்குப் பின் 1947-ல் இருவரும் விடுதலையாயினர்.

பாகவதருக்குப் பழைய இடம் மீளவில்லை. கிருஷ்ணனோ, அண்ணா எழுதிய ‘நல்லதம்பி’யில் (1949) மதுவிலக்கை வலியுறுத்தினார், ‘மணமகள்’ (1951) படத்தை இயக்கினார். ஈட்டியதைக் கேட்டவர்க்கெல்லாம் ஈந்த அவர், 1957-ல் 48 வயதில் மறைந்தார். சிரிப்பினூடே சிந்தனையை விதைக்க முனையும் ஒவ்வொரு நகைச்சுவைக் கலைஞரும் இன்றும் அவருக்குக் கடன்பட்டவரே.