இரண்டாம் போருக்கு வித்திட்ட லாகூர் உடன்படிக்கை: மகாராணி ஜிந்தன் கவுரின் வாழ்க்கை

பஞ்சாபின் கடைசி மகாராணி ஜிந்தன் கவுர், 1863 ஆகஸ்ட் 1 அன்று லண்டனின் கென்சிங்டன் பகுதியில் உள்ள ஒரு வீட்டில் காலமானார். சட்லெஜ் நதிக்கரை முதல் கைபர் கணவாய் வரை பரவியிருந்த அரசை மகனின் பெயரால் ஆண்ட அவர், வாழ்வின் கடைசிப் 16 ஆண்டுகளைச் சிறையிலும் நாடு கடத்தலிலும் கழித்தார். அவர் இழந்தவற்றுள் பெரும்பகுதி போர்க்களத்தில் பறிபோனதல்ல. போர் முடிந்தபின் எழுதப்பட்ட சமாதான உடன்படிக்கைகளில் பறிபோனது.

1817-ஆம் ஆண்டுவாக்கில் குஜ்ரன்வாலா வட்டாரத்தைச் சேர்ந்த சாச்சர் என்ற சிற்றூரில் ஜிந்தன் பிறந்தார். தந்தை மன்னா சிங், மகாராஜா ரஞ்சித் சிங்கின் வேட்டை நாய்களைப் பராமரிக்கும் பணியில் இருந்தவர். 1835-இல் ஜிந்தன் ரஞ்சித் சிங்கை மணந்தார். 1838 செப்டம்பரில் துலீப் சிங் பிறந்தார். மறு ஆண்டு ஜூன் 27 அன்று ரஞ்சித் சிங் மறைந்தார்.

அடுத்த 4 ஆண்டுகளில் லாகூர் அரியணையில் அமர்ந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். மூத்த இளவரசர் கரக் சிங் பதவி இழந்து, நோயுற்று இறந்தார். அவரது தகனம் முடிந்து திரும்பும் வழியில் கோட்டை வாயிலின் மேற்கட்டுமானம் சரிந்து மகன் நவ் நிகால் சிங் உயிரிழந்தார். பின்னர் வந்த ஷேர் சிங் 1843 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். எஞ்சியிருந்த 5 வயதுச் சிறுவன் துலீப் சிங் மகாராஜாவாக அறிவிக்கப்பட்டான். அவன் சார்பில் ஆட்சியை நடத்தும் பொறுப்பு நாளடைவில் ஜிந்தனிடம் வந்து சேர்ந்தது.

ஆனால் உண்மையான அதிகாரம் கால்சா படையின் பஞ்சாயத்துகளிடம் இருந்தது. ஊதியத்தை உயர்த்துவதும் அமைச்சரை நீக்குவதும் அவற்றின் விருப்பமாயின. 1845 செப்டம்பரில், ஜிந்தனின் சகோதரரும் அமைச்சருமான ஜவாகர் சிங்கைப் படையினர் யானை மீதே குத்திக் கொன்றனர். அதே யானையில் இருந்த சிறுவன் துலீப் முன்னதாகக் கீழே இறக்கப்பட்டிருந்தான். ஜிந்தன் அக்காட்சியை நேரில் கண்டார். அதன் பின்னர் அவர் திரையை விலக்கி அரசவையில் அமர்ந்து, படையினரையும் சர்தார்களையும் நேருக்கு நேர் சந்தித்து ஆட்சி நடத்தினார்.

தன் சகோதரனைக் கொன்ற படையை ஆங்கிலேயர் மீது ஏவி அழித்துவிட அவரே திட்டமிட்டார் என்று அக்கால ஆங்கிலேய அதிகாரிகள் பலர் எழுதியுள்ளனர். இக்குற்றச்சாட்டை அப்படியே ஏற்பது கடினம். கிழக்கிந்திய கம்பெனி 1843-இல் சிந்துவை விழுங்கியிருந்தது. சட்லெஜ் எல்லையில் பெரோஸ்பூர் படைத்தளமாக மாறியிருந்தது. பாலம் அமைப்பதற்கான படகுகளும் எல்லைக்கு வந்துகொண்டிருந்தன. இவற்றைக் கண்ட எந்த அரசும் அமைதியாக உறங்கியிருக்காது. எனினும் அமைச்சர் லால் சிங்கும் தளபதி தேஜ் சிங்கும் எதிரியுடன் இரகசியத் தொடர்பு வைத்திருந்தனர் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

1845 டிசம்பரில் சீக்கியப் படை சட்லெஜைக் கடந்தது. முட்கி, பெரோஸ்ஷா, அலிவால் ஆகிய இடங்களில் கடும் போர் நடந்தது. 1846 பிப்ரவரி 10 அன்று சோப்ரானில் தேஜ் சிங் களத்தை விட்டு விலகினார். படகுப் பாலம் உடைந்தது. பின்வாங்க வழியின்றி ஆயிரக்கணக்கான வீரர்கள் ஆற்றிலும் கரையிலும் மாண்டனர்.

உடன்படிக்கையின் சுமை

1846 மார்ச் 9 அன்று லாகூர் உடன்படிக்கை கையெழுத்தானது. பியாஸ், சட்லெஜ் ஆறுகளுக்கு இடைப்பட்ட வளமான ஜலந்தர் பகுதி கம்பெனியிடம் சென்றது. போர் இழப்பீடாக ஒன்றரை கோடி ரூபாய் விதிக்கப்பட்டது. லாகூர் கருவூலத்தில் அவ்வளவு பணம் இல்லை என்பது கேட்டவர்களுக்கும் தெரியும். எனவே 50 இலட்சம் ரொக்கமாகவும், மீதி ஒரு கோடிக்கு ஈடாகக் காஷ்மீர், ஹசாரா உள்ளிட்ட மலைநாடுகளும் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒரே வாரத்தில், மார்ச் 16 அன்று, அமிர்தசரஸ் உடன்படிக்கையின் மூலம் காஷ்மீர் 75 இலட்சம் ரூபாய்க்கு ஜம்முவின் குலாப் சிங்குக்குக் கொடுக்கப்பட்டது. லாகூர் அரசின் கீழிருந்த ஒரு சிற்றரசர், அந்த அரசு தோற்றதன் பயனாக மகாராஜா ஆனார்.

படைக்கும் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. காலாட்படை 25 பட்டாளங்களுக்கும், அதாவது சுமார் 20,000 பேருக்கும், குதிரைப்படை 12,000 பேருக்கும் மேற்படக் கூடாது. ஆங்கிலேயருக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்ட பீரங்கிகளை ஒப்படைக்க வேண்டும். 73 ஆண்டுகள் கழித்து வெர்சாய் உடன்படிக்கையில் ஜெர்மனியின் படை ஒரு இலட்சம் பேருக்குள் சுருக்கப்பட்டதைப் பலரும் அறிவர். நிலப்பறிப்பு, இழப்பீடு, படைக் குறைப்பு என்ற அதே மூன்று கருவிகளும் லாகூரில் முன்னரே கையாளப்பட்டிருந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலைமை ஆளுநர் ஹென்றி ஹார்டிஞ்ச் தம்மை மிதவாதியாகவே கருதினார். பஞ்சாபை முழுவதும் இணைத்துக்கொள்ளப் போதிய படையும் பணமும் அப்போது அவரிடம் இல்லை. ஆகவே அரசை உயிருடன் விட்டு, அதன் கைகால்களை மட்டும் கட்டினார். தோற்றவரை நண்பராக்கும் தாராளமும் அந்த ஏற்பாட்டில் இல்லை. மீண்டும் எழ முடியாதபடி அடக்கும் வலிமையும் இல்லை. அதன் கேடு இந்த நடுநிலையில்தான் இருந்தது.

படையிலிருந்து நீக்கப்பட்டவர்கள் எங்கே சென்றனர்? வேறெங்கும் அல்ல, மாஞ்சா பகுதியின் தங்கள் கிராமங்களுக்கே திரும்பினர். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த, தாங்கள் வீரத்தால் அல்ல, தலைவர்களின் துரோகத்தால் தோற்றோம் என்று உறுதியாக நம்பிய, வருமானம் இழந்த மனிதர்கள் ஊர்தோறும் இருந்தனர். இந்த நம்பிக்கையில் பெருமளவு உண்மையும் இருந்தது என்பதால் அதை எவராலும் மாற்ற முடியவில்லை.

உள்நாட்டு நிர்வாகத்தில் கம்பெனி தலையிடாது என்று லாகூர் உடன்படிக்கையில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அந்த உறுதி 9 மாதங்கள்தான் நீடித்தது. காஷ்மீரை குலாப் சிங்கிடம் ஒப்படைக்க அங்கிருந்த ஆளுநர் மறுத்தார். அவரைத் தூண்டியவர் லால் சிங் என்று தீர்ப்பாகி, லால் சிங் நாடு கடத்தப்பட்டார். அதைத் தொடர்ந்து 1846 டிசம்பரில் பைரோவால் உடன்படிக்கை வந்தது. துலீப் சிங் 16 வயதை எட்டும்வரை, அதாவது 1854 வரை, ஆங்கிலேய ரெசிடென்டின் முழு அதிகாரத்தின்கீழ் 8 பேர் கொண்ட குழு ஆட்சி நடத்தும். லாகூரில் நிற்கும் ஆங்கிலேயப் படையின் செலவுக்காக ஆண்டுக்கு 22 இலட்சம் ரூபாயை லாகூர் அரசே செலுத்தும். மகாராணிக்கு ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய் ஓய்வூதியம் வழங்கப்படும்; ஆட்சியில் பங்கு இல்லை.

சோப்ரானில் களத்தை விட்டு விலகிய தேஜ் சிங், அந்தக் குழுவின் முதன்மை உறுப்பினரானார். லாகூர் மக்கள் இதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை ஊகிக்க வரலாற்றறிவு தேவையில்லை.

தாயும் மகனும்

1847 ஆகஸ்ட் 7 அன்று தேஜ் சிங்குக்கு சியால்கோட் ராஜா பட்டம் சூட்டும் விழா நடந்தது. சிறுவன் துலீப் அவரது நெற்றியில் திலகமிட வேண்டும். 9 வயது நிரம்பாத அந்தச் சிறுவன் கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, சபை முன்னிலையில் மறுத்துவிட்டான். அரசவைப் புரோகிதர் திலகமிட்டு விழாவை முடித்தார். தாய் சொல்லிக் கொடுத்தபடியே மகன் நடந்தான் என்று ரெசிடென்ட் ஹென்றி லாரன்ஸ் முடிவு செய்தார். அது உண்மையாகவே இருக்கலாம்.

சில நாட்களிலேயே துலீப் ஷாலிமார் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டான். அதற்கிடையே ஜிந்தன் லாகூர் கோட்டையிலிருந்து வெளியேற்றப்பட்டு சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஷேக்குபுரா கோட்டைக்கு அனுப்பப்பட்டார். ஓய்வூதியம் 48,000 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. குழந்தையைப் பிரித்ததைக் கண்டித்தும், தன் மீதான குற்றத்துக்குச் சான்று கேட்டும் அவர் ரெசிடென்டுக்குக் கடிதங்கள் எழுதினார். பயன் ஏதும் விளையவில்லை. அவரது நடத்தையைப் பற்றி இழிவான கதைகளை ஆங்கிலேய அதிகாரிகள் பரப்பிவந்தனர். பெண் ஒருத்தி அரசியல் எதிரியாகும்போது எக்காலத்திலும் கையாளப்படும் ஆயுதம் அது.

போர் மீண்டும் மூண்ட இடம் முல்தான். அங்கிருந்த திவான் மூல்ராஜ், தந்தைக்குப்பின் பதவியேற்றதற்காகப் பெருந்தொகையைக் காணிக்கையாகச் செலுத்த வேண்டியிருந்தது. அவரது ஆட்சிப்பகுதியில் ஒரு பங்கு பறிக்கப்பட்டு, மீதிப் பகுதிக்கான வரியும் உயர்த்தப்பட்டது. இழப்பீட்டாலும் படைச் செலவாலும் வறண்ட லாகூர் கருவூலம் இவ்வாறு மாகாணங்களைக் கசக்கிப் பிழிந்தது. மூல்ராஜ் பதவி விலகினார். பொறுப்பை ஏற்க வந்த வான்ஸ் ஆக்னியூ, ஆண்டர்சன் என்ற இரு ஆங்கிலேய அதிகாரிகள் 1848 ஏப்ரலில் அங்கே கொல்லப்பட்டனர்.

உள்ளூர் கலகமாக முடிந்திருக்கக்கூடிய இந்நிகழ்வு நாடு தழுவிய போரானதில் மகாராணிக்கு நேர்ந்தவற்றுக்கும் பங்கு உண்டு. மே மாதத்தில், லாகூர் சதியில் தொடர்பு உண்டு என்று கூறி ஜிந்தனைப் பஞ்சாபிலிருந்தே வெளியேற்றி காசிக்கு அனுப்பினர். நகைகள் பறிமுதல் செய்யப்பட்டன. ஓய்வூதியம் 12,000 ரூபாயானது. கால்சா வீரர்கள் அவரைத் தங்கள் தாயாகக் கருதினர் என்பதும், இச்செய்தி அவர்களிடையே பெரும் கொந்தளிப்பை ஏற்படுத்தியது என்பதும் அன்றைய ரெசிடென்ட் பிரெடரிக் கரியின் அறிக்கைகளிலேயே பதிவாகியுள்ளன. 3 ஆண்டுகளுக்கு முன் அவரது சகோதரனைக் கொன்ற படைதான் இது.

ஹசாராவில் சத்தர் சிங் அட்டாரிவாலா கிளர்ந்தெழுந்தார். அவரது மகளுக்கும் துலீப் சிங்குக்கும் நிச்சயிக்கப்பட்டிருந்த திருமணத்துக்கு நாள் குறிக்க ரெசிடென்ட் பிடிகொடுக்கவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. முல்தானில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற அவரது மகன் ஷேர் சிங்கும் செப்டம்பரில் அணி மாறினார். அவர் ஆட்சிக் குழுவின் உறுப்பினர் என்பது குறிப்பிடத்தக்கது.

1849 ஜனவரி 13 அன்று சில்லியன்வாலாவில் கம்பெனிப் படை 2,000-க்கும் மேற்பட்டோரை இழந்தது. அச்செய்தி எட்டியதும் தளபதி ஹ்யூ காப்பை மாற்ற லண்டன் ஆணையிட்டது. மாற்றுத் தளபதி வந்து சேர்வதற்குள், பிப்ரவரி 21 அன்று, குஜராத் என்ற பஞ்சாப் நகரில் காப் வெற்றி பெற்றார். மார்ச் மாதம் ராவல்பிண்டி அருகே சீக்கிய வீரர்கள் ஆயுதங்களைக் குவித்துவிட்டுக் கலைந்தனர்.

மார்ச் 29 அன்று பஞ்சாப் இணைக்கப்பட்டது. கோஹினூர் வைரமும் விக்டோரியா மகாராணிக்கு உரியதாக எழுதப்பட்டது. கையெழுத்திட்ட துலீப் சிங்குக்கு வயது 10. சட்டப்படி அவனுக்கும் அவன் அரசுக்கும் பாதுகாவலர் கம்பெனிதான். தன் பாதுகாப்பில் இருந்த சிறுவனின் நாட்டை, அவன் பங்கேற்காத ஒரு போருக்காகப் பாதுகாவலரே எடுத்துக்கொண்டார். ஹென்றி லாரன்ஸ் இந்த இணைப்பை எதிர்த்தார். புதிய தலைமை ஆளுநர் டல்ஹவுசி அதைப் பொருட்படுத்தவில்லை.

நேபாளம் முதல் லண்டன் வரை

இணைப்பு நடந்த சில வாரங்களில், கங்கைக்கரைச் சுனார் கோட்டைக்கு மாற்றப்பட்டிருந்த ஜிந்தன் மாறுவேடத்தில் தப்பினார். காடுகளைக் கடந்து ஏப்ரல் இறுதியில் காத்மாண்டு சேர்ந்தார். நேபாளப் பிரதமர் ஜங் பகதூர் அடைக்கலம் அளித்தார். ஆனால் அங்குள்ள ஆங்கிலேய ரெசிடென்டின் கண்காணிப்பு தொடர்ந்தது. 11 ஆண்டுகள் அவர் அங்கே வாழ்ந்தார்.

இதற்கிடையில் துலீப் 1853-இல் கிறித்தவராகி, மறு ஆண்டு இங்கிலாந்து சென்றார். 1861 ஜனவரியில் கொல்கத்தாவின் ஸ்பென்சஸ் ஹோட்டலில் தாயும் மகனும் 13 ஆண்டுகளுக்குப்பின் சந்தித்தனர். ஜிந்தனின் பார்வை ஏறக்குறைய முற்றிலும் மங்கியிருந்தது. சீனப் போரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சீக்கிய வீரர்கள் செய்தி அறிந்து ஹோட்டல் முன் திரண்டு முழக்கமிட்டனர். கவலையடைந்த அரசு, இருவரும் விரைவில் இங்கிலாந்து செல்ல வேண்டும் என்று விரும்பியது. கம்பெனியின் ஆட்சி முடிந்து, பஞ்சாப் இணைந்து 12 ஆண்டுகள் ஆன பின்னரும் பார்வையிழந்த ஒரு பெண்ணைப் பற்றிய அச்சம் நீங்கவில்லை.

லண்டனில் அவர் 2 ஆண்டுகளே வாழ்ந்தார். மகன் இழந்த அரசு எத்தகையது என்பதை அவர் சொல்லித்தான் துலீப் அறிந்தார் எனலாம். பின்னாளில் துலீப் ஆங்கிலேய அரசுடன் மோதியதற்கும், 1886-இல் ஏடனில் மீண்டும் சீக்கிய சமயத்தைத் தழுவியதற்கும் அந்த 2 ஆண்டுகளே அடித்தளம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

ஜிந்தனின் உடல் சில மாதங்கள் லண்டன் கென்சல் கிரீன் கல்லறை வளாகத்தில் வைக்கப்பட்டிருந்தது. 1864-இல் துலீப் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். பஞ்சாபுக்குள் செல்ல அனுமதி கிடைக்கவில்லை. தகனம் பம்பாய் மாகாணத்திலேயே நடந்து, நாசிக்கில் கோதாவரிக் கரையில் நினைவிடம் எழுப்பப்பட்டது. 1924-இல் பேத்தி பம்பா, பாட்டியின் அஸ்தியை அங்கிருந்து எடுத்துச் சென்று லாகூரில் ரஞ்சித் சிங்கின் சமாதியில் சேர்த்தார்.